கைதட்டல் கேட்காத கம்ப்யூட்டர் அறை

ராக்கெட் ஏவும் நாளில் நம் எல்லோருக்கும் டி.வி. முன்னால்தான் வேலை. கவுண்ட் டவுன் முடிகிறது. நெருப்பைக் கக்கிக்கொண்டு ராக்கெட் கிளம்புகிறது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து கை தட்டுகிறார்கள். வீட்டில் நாமும் தட்டுகிறோம். மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் படம் வருகிறது. அதோடு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் அந்த விண்கலம் எதற்காகப் போனதோ, அந்த வேலை அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதிலுள்ள கருவிகள் வெப்பம், காந்தப்புலம், ஒளி என்று எதையெதையோ அளக்கின்றன. அளந்ததை எண்களாக மாற்றி ரேடியோ அலை மூலம் பூமிக்கு அனுப்புகின்றன. பெரும்பாலான விண்கலங்கள் திரும்பி வருவதில்லை. ராக்கெட்டின் பாகங்கள் கடலில் விழுந்துவிடுகின்றன. செலவழித்த கோடிகளுக்கு நாம் வாங்கி வந்த சரக்கு என்று பார்த்தால், கடைசியில் மிஞ்சுவது அந்த எண்கள்தான். அதாவது டேட்டா.

அந்த டேட்டா எங்கே இருக்கிறது? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டாவைச் சேமிப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. சேமிக்கும் வேலையை ஒரு ஹார்ட் டிஸ்க் செய்துவிடும். காப்பாற்றும் வேலைக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்கான இடமும் சம்பளமும் விண்வெளித் திட்டத்தின் முதல் நாள் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

டேட்டா காப்பகம் என்றால் என்ன?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிரீன்பெல்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நாசாவின் கோடார்ட் விண்வெளி மையம் அங்குதான் உள்ளது. அந்த மையத்தில் 1966ல் தேசிய விண்வெளி அறிவியல் டேட்டா மையம் என்ற பிரிவு தொடங்கப்பட்டது. சுருக்கமாக என்.எஸ்.எஸ்.டி.சி. விண்கலங்கள் அனுப்பிய டேட்டாவை வாங்கி, பட்டியல் போட்டு, பத்திரமாக வைத்து, கேட்கும் விஞ்ஞானிகளுக்குக் கொடுப்பது அதன் வேலை.

ஒவ்வொரு விண்கலத்துக்கும் அங்கே ஓர் அடையாள எண் உண்டு. அப்பல்லோ 11 என்றால் 1969-059ஏ. 1969ஆம் ஆண்டின் 59வது ஏவுதல், அதில் முதல் பொருள் என்று அர்த்தம். நம்முடைய சந்திரயான்-1க்கு 2008-052ஏ. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் ஒட்டுவது மாதிரிதான் இது. எண் இல்லாத புத்தகம் நூலகத்தில் இருந்தும் இல்லாதது போலத்தானே?

"எண்களை வாங்கி வைப்பது என்ன பெரிய வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கருவி "187" என்று அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 187 என்ன? டிகிரியா, வோல்ட்டா? எந்த நேரத்தில் அளந்தது? அப்போது கருவி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? கருவி சூடாகியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டுமா? இதெல்லாம் தெரிந்தால்தான் 187 ஒரு தகவல். தெரியாவிட்டால் அது வெறும் கிறுக்கல். இந்த விவரங்களைக் கருவியைச் செய்தவரிடமிருந்து கேட்டு வாங்கி, டேட்டாவோடு சேர்த்து வைப்பதுதான் காப்பகத்தாரின் முக்கியமான வேலை. ஆராய்ச்சி முடிந்த கையோடு அடுத்த திட்டத்துக்கு ஓடும் விஞ்ஞானியை நிறுத்தி, "இதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று சொல்வது சுலபமான காரியம் அல்ல.

கோள்கள் பற்றிய டேட்டாவுக்காக நாசா 1989ல் பி.டி.எஸ். என்ற தனி அமைப்பையும் உருவாக்கியது. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. காப்பகத்தில் ஏற்பதற்கு முன் அந்த டேட்டாவைச் சம்பந்தமில்லாத வேறு விஞ்ஞானிகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வெளியாள் ஒருவர் இதைத் திறந்து, படித்து, புரிந்துகொண்டு, பயன்படுத்த முடிகிறதா என்று பரிசோதிக்கிறார்கள். முடியவில்லை என்றால் சரி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்பதற்கு ஒரு சின்னக் கதை. 1996ல் இண்டியானா மாநிலத்திலிருந்து மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கோடார்ட் மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பக்கத்து முகாம் ஒன்றில் ஒரு மரத்தடியில் "நிலா மரம்" என்று பலகை வைத்திருக்கிறார்கள், அது என்ன என்று கேட்டிருந்தார். என்.எஸ்.எஸ்.டி.சி.யில் கோள்கள் பற்றிய டேட்டாவைக் கவனித்து வந்த டேவிட் வில்லியம்ஸ் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "தெரியாது" என்று ஒரு வரியில் பதில் போட்டு முடித்திருக்கலாம். அவர் தேடினார். 1971ல் அப்பல்லோ 14ல் போன ஸ்டூவர்ட் ரூசா என்ற விண்வெளி வீரர் சில நூறு மர விதைகளை நிலவு வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார் என்பதும், அந்த விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகளை 1976 வாக்கில் நாடு முழுக்க நட்டார்கள் என்பதும் தெரிந்தது. எங்கெங்கே நட்டார்கள் என்பதற்குத்தான் ஒழுங்கான பதிவேடு இல்லை. வில்லியம்ஸ் ஓர் இணையப் பக்கம் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மரமாகப் பட்டியலில் சேர்த்தார். ஒரு மூன்றாம் வகுப்பின் கேள்வியிலிருந்து தொலைந்துபோன ஒரு பதிவேடு மறுபடி உருவானது.

மூன்று பூட்டுகள்

எந்த டேட்டாவாக இருந்தாலும், பல வருடம் கழித்து அதைத் திறக்க மூன்று பூட்டுகளைத் தாண்ட வேண்டும். டேட்டா பதிந்திருக்கும் பொருள் நன்றாக இருக்க வேண்டும். அதைப் படிக்கும் மெஷின் இருக்க வேண்டும். படித்ததற்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் கதை முடிந்தது. மூன்றுக்கும் விண்வெளி வரலாற்றில் உதாரணம் இருக்கிறது.

முதல் பூட்டு, பொருள். 1969ல் மனிதன் நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த காட்சியை உலகமே டி.வி.யில் பார்த்தது. நிலவிலிருந்து வந்த அசல் சிக்னல், டி.வி.யில் காட்டியதைவிடத் தெளிவானது. அது தனியாகக் காந்த டேப்களில் பதிவானது. பல வருடம் கழித்து அந்த டேப்களைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிற்காலத்தில் டேப்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஏராளமான பழைய டேப்களோடு அவையும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009ல் நாசா முடிவுக்கு வந்தது. டி.வி.க்காகப் பதிவான பிரதிகள் இருந்ததால் நமக்குக் காட்சியாவது மிஞ்சியது. கெட்ட எண்ணத்தில் யாரும் அழிக்கவில்லை. டேப் தேவைப்பட்டது, அழித்தார்கள். "இதைத் தொடாதே" என்று சொல்ல அந்த இடத்தில் ஆள் இல்லை.

இரண்டாவது பூட்டு, மெஷின். 1966, 1967 ஆண்டுகளில் நாசா 5 லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பி நிலவைப் படம் எடுத்தது. அப்பல்லோ எங்கே இறங்கலாம் என்று பார்ப்பதற்காக எடுத்த படங்கள் அவை. அவை பதிவான டேப்கள் சுமார் 1,500. அவற்றைப் படிக்க ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 என்ற டேப் மெஷின் வேண்டும். ஒவ்வொன்றும் ஃபிரிட்ஜ் மாதிரி பெரியது. தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபில் வேலை பார்த்த நான்சி எவன்ஸ் என்ற பெண்மணி அந்த டேப்களைத் தூக்கிப் போட விடவில்லை. பி.டி.எஸ். உருவாகக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பழைய மெஷின்களை வாங்கி, தன் வீட்டு கராஜில் வைத்திருந்தார். சரி செய்யப் பணம் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. மெஷின்கள் அங்கேயே பல வருடம் கிடந்தன.

2007 வாக்கில் டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவர் இதைக் கேள்விப்பட்டு, மெஷின்களை நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். காலியாக இருந்த ஒரு பழைய மெக்டொனால்ட்ஸ் கடைதான் அவர்கள் பட்டறை. பழைய மெஷின்களின் உதிரி பாகங்களைக் கழற்றி ஒன்றில் மாட்டி ஓட வைத்தார்கள். 1966ல் நிலவின் பக்கத்திலிருந்து பூமியை எடுத்த புகழ்பெற்ற படம் 2008 நவம்பரில் முன்பைவிடப் பல மடங்கு தெளிவாக வெளிவந்தது. அந்தத் தெளிவு 42 வருடமாக டேப்பில்தான் இருந்தது. படிக்கத்தான் மெஷின் இல்லை.

மூன்றாவது பூட்டு, அர்த்தம். இதுதான் கடினமானது. அப்பல்லோ 15, 17 வீரர்கள் நிலவின் தரையில் துளை போட்டு வெப்பமானிகளைப் புதைத்துவிட்டு வந்தார்கள். அந்தக் கருவிகள் 1977 செப்டம்பர் வரை வேலை செய்தன. ஆனால் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது 1974 முடிய உள்ள டேட்டா மட்டுமே. அந்தச் சோதனையின் தலைமை விஞ்ஞானி மார்கஸ் லாங்செத் 1997ல் காலமானார். தரைக்குள் வெப்பம் மெதுவாக ஏறிக்கொண்டே போனது என்பது அப்போதே தெரியும். ஏன் ஏறியது என்பது தெரியாமலே நின்றுவிட்டது.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் செய்ச்சி நாகிஹாரா தலைமையில் ஒரு குழு வருடக்கணக்கில் தேடியது. மேரிலாந்தில் உள்ள ஓர் அரசு ஆவணக் கிடங்கில் 440 டேப்கள் கிடைத்தன. அவற்றில் இருந்தது 1975ல் மூன்று மாத டேட்டா மட்டுமே. மிச்சக் காலத்துக்கு என்ன செய்வது? அந்த நாட்களில் கருவிகள் பற்றி வாராவாரம் எழுதிய காகித அறிக்கைகள் ஹூஸ்டனில் ஒரு நூலகத்தில் இருந்தன. அதிலுள்ள வெப்ப அளவுகளையும் எடுத்துச் சேர்த்தார்கள். 2018ல் விடை வெளியானது. வீரர்கள் நடந்ததிலும் வண்டி ஓட்டியதிலும் மேல்மண் கலைந்து, அடியிலிருந்த கறுத்த மண் வெளியே வந்திருக்கிறது. கறுத்த மண் வெயிலை அதிகமாக உறிஞ்சும். அதனால்தான் சூடு. நாளை நிலவுக்குக் கருவி கொண்டுபோகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான தகவல்! யாரோ ஒருவர் வாராவாரம் ஒழுங்காக எழுதிய சாதாரண அறிக்கைதான் கடைசியில் கைகொடுத்தது.

இன்னொன்று. 1976ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் அங்கே உயிர் இருக்கிறதா என்று சோதனை செய்தன. 2000களின் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் அந்தச் சோதனையின் டேட்டாவை என்.எஸ்.எஸ்.டி.சி.யில் கேட்டார். அது மைக்ரோஃபிலிம் சுருளில் இருந்தது. மைக்ரோஃபிலிம் என்றால் பக்கங்களைச் சின்னதாகப் படம் பிடித்து வைத்த பிலிம். கம்ப்யூட்டரில் கணக்குப் போட உதவாது. பிறகு அந்தச் சுருள்களை டிஜிட்டலாக மாற்றும் வேலையில் காப்பகத்தார் இறங்கினார்கள். அந்தச் சோதனையின் முடிவைப் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் வாதம் செய்கிறார்கள். டேட்டா இருப்பதால்தான் வாதம் செய்ய முடிகிறது.

பழைய டேட்டா, புதிய செய்தி

"பழசைக் கட்டிக்கொண்டு அழுவானேன், புதிதாக ஒரு விண்கலம் அனுப்பினால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு மூன்று செய்திகள்.

மகெல்லன் விண்கலம் 1990 முதல் 1992 வரை வெள்ளி கோளை ரேடார் மூலம் படம் எடுத்தது. 2023 மார்ச்சில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெரிக் அந்தப் பழைய படங்களை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார். மாட் மான்ஸ் என்ற எரிமலைப் பகுதியில் ஒரு வாய் 1991 பிப்ரவரியில் ஒரு மாதிரியும், அக்டோபரில் பெரிதாகி வேறு மாதிரியும் இருந்தது. வெள்ளியில் எரிமலை இயங்கியிருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி அது. படம் எடுத்து 30 வருடத்துக்கு மேல் ஆன பிறகு! 1990களின் கம்ப்யூட்டர்களில் இவ்வளவு பெரிய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது பெரும்பாடு. இன்று அது முடிகிறது. கம்ப்யூட்டர் வளர வளர பழைய டேட்டாவின் மதிப்பும் வளர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது நம்முடையது. சந்திரயான்-1 உடன் தொடர்பு 2009 ஆகஸ்டில் அறுந்துபோனது. அதில் இருந்த நாசாவின் கருவி ஒன்று எடுத்த அளவுகளை மறுபடி அலசி, நிலவின் துருவங்களில் மேற்பரப்பிலேயே பனிக்கட்டி இருப்பதற்கான நேரடி ஆதாரத்தை 2018ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். விண்கலம் மௌனமாகி 9 வருடம் கழித்து அதன் டேட்டா பேசியது.

மூன்றாவது செய்தி உங்களுக்கு இன்னும் பிடிக்கும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2ன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படங்கள் காப்பகம் மூலம் எல்லோருக்கும் திறந்திருந்தன. சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்த இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, புதிதாகத் தெரிந்த ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். விக்ரமின் சிதறிய துண்டு அது. 2019 டிசம்பரில் நாசா அதை உறுதி செய்து அவர் பெயரையும் வெளியிட்டது. அவர் விண்வெளி விஞ்ஞானி அல்ல. அவரிடம் இருந்தது கம்ப்யூட்டர், இன்டர்நெட், பொறுமை. அவ்வளவுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் ஒழுங்காக, சரியான தேதி, இடக் குறிப்போடு இருந்திராவிட்டால் அவர் பொறுமையால் என்ன பயன்?

சப்போர்ட் வேலைதானே!

இப்போது என் துறைக்கு வருகிறேன். நான் இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எந்த புராஜெக்ட் கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். "டெவலப்மென்ட்" கிடைத்தவன் ட்ரீட் கொடுப்பான். "சப்போர்ட்" கிடைத்தவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். புதிதாகக் கட்டுவது மரியாதை, இருப்பதைப் பார்த்துக்கொள்வது இரண்டாம் பட்சம் என்று கல்லூரியிலேயே மனதில் பதிந்துவிடுகிறது.

ஒரு முறை ஒரு தொழிற்சாலையின் பழைய ஸ்டோர் கணக்கைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அதில் "நிலை" என்று ஒரு கட்டம். உள்ளே 1, 2, 3 என்று எண்கள். இவற்றுக்கு அர்த்தம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் 7 என்று இருந்தது. 7க்கு யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் அங்கே ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைப் போனில் பிடித்தோம். "அதுவா தம்பி, சரக்கு வந்து தரம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினது" என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவர் இருந்ததால் பிழைத்தோம். ஒரு தொழிற்சாலைக் கணக்குக்கே இந்தப் பாடு என்றால், 40 வருடத்துக்கு முன் வேறொரு கோளில் எடுத்த அளவுக்கு என்ன பாடு படவேண்டும்!

"இப்போது டிஸ்க் விலை குறைந்துவிட்டது, எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் ஆள் எதற்கு?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். டிஸ்க் விலை குறைந்தது உண்மை. அது தீர்ப்பது முதல் பூட்டை மட்டும்தான். அதையும் முழுசாகத் தீர்ப்பதில்லை. டிஸ்க்கில் கிடக்கும் ஃபைல் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். அதனால் காப்பகங்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் "செக்சம்" என்ற ஒரு சின்னக் குறியீட்டைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். ஃபைலின் கைரேகை மாதிரி அது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு மாறிவிடும். அவ்வப்போது மறுபடி கணக்கிட்டு, பழையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் இன்னொரு பிரதியிலிருந்து சரி செய்கிறார்கள். டிஸ்க் பழையதாவதற்கு முன் புதியதற்கு மாற்றுகிறார்கள். எப்போது மாற்றுவது, எதை எந்த வடிவத்தில் மாற்றுவது என்ற முடிவை எடுப்பது ஆள்தான்.

வடிவம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1981ல் வானியலாளர்கள் "ஃபிட்ஸ்" என்று ஒரு ஃபைல் வடிவத்தை ஏற்படுத்தினார்கள். அதன் தலைப்பகுதியில், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் சாதாரண எழுத்தில் இருக்கும். எந்தப் புதிய மாற்றம் வந்தாலும் பழைய ஃபிட்ஸ் ஃபைல் செல்லாமல் போகக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. வாட்டிகன் நூலகம் தன் பழைய கையெழுத்துச் சுவடிகளை ஸ்கேன் செய்து வைக்க இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. நம் சாஃப்ட்வேர் உலகில் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஃபைலைத் திறக்கவே சில நேரம் தடுமாறுகிறோம். இவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

"எல்லா டேட்டாவையும் வைக்கத்தான் வேண்டுமா?" என்பது நியாயமான கேள்வி. வேண்டியதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று யோசித்து முடிவு செய்வதும் காப்பகத்தாரின் வேலையே. நான் எதிர்ப்பது, யாரும் யோசிக்காமலே போய்விடுவதை. ஏனென்றால் விண்வெளி டேட்டாவில் பலவற்றை மறுபடி எடுக்கவே முடியாது. யுரேனஸ் கோளுக்கு இதுவரை போயிருப்பது ஒரே ஒரு விண்கலம். வாயேஜர் 2, 1986 ஜனவரியில் கடந்து போனது. அப்போது எடுத்த அளவுகளைத் திரும்ப அலசி, வாயேஜர் போன நேரத்தில் சூரியக் காற்று யுரேனஸின் காந்தப்புலத்தை வழக்கத்துக்கு மாறாக நசுக்கியிருந்தது என்று 2024ல் சொன்னார்கள். அதாவது 38 வருடமாக யுரேனஸ் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருந்த சில விஷயங்களை மாற்றி யோசிக்க வேண்டும். அந்த டேட்டா தொலைந்திருந்தால்? எத்தனை கோடி கொடுத்தாலும் 1986 திரும்பி வராது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. பெங்களூருக்கு அருகே பியாலாலு என்ற ஊரில் இஸ்ரோவின் இந்திய விண்வெளி அறிவியல் டேட்டா மையம் உள்ளது. பெரிய ஆன்டெனாக்களும் அங்கேதான். சந்திரயான்-2 டேட்டாவின் முதல் தொகுதியை 2020 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதுவும் உலகம் முழுக்கப் புரியும் பி.டி.எஸ். வடிவத்தில். ராக்கெட் ஏவியபோது வந்த செய்தியில் பத்தில் ஒரு பங்காவது இதற்கு வந்ததா? டேட்டா வெளியாகும் நாளும் ராக்கெட் ஏவும் நாள் போலவே செய்தியாக வேண்டும் என்பது என் ஆசை. நம் இன்ஜினியரிங் கல்லூரிகளில் கடைசி வருட புராஜெக்டுக்கு இந்த டேட்டாவை எடுத்துக் கொடுக்கலாம். டேட்டா காப்பது ஒரு படிப்பு, ஒரு தொழில் என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். ஆள் குறைக்க வேண்டும் என்று வரும்போது முதலில் காப்பக அறையைப் பார்ப்பதை எந்த நாடும் நிறுத்த வேண்டும்.

உங்கள் வீட்டுக் காப்பகம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்களும் ஒரு காப்பகத்தின் பொறுப்பாளர்தான். கல்யாணப் படம், குழந்தையின் முதல் வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் இனி உங்கள் டிஸ்க்கில்தான். இவற்றில் பலவும் மறுபடி எடுக்க முடியாதவை. மேலே சொன்னவர்களிடமிருந்து ஐந்து பழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முக்கியமான ஃபைல்களுக்குக் குறைந்தது இரண்டு பிரதிகளாவது கூடுதலாக இருக்கட்டும். ஒன்றை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இன்னொன்று வேறு இடத்தில், கிளவுடிலோ ஊரில் உள்ள அண்ணன் வீட்டிலோ இருக்கட்டும். வீட்டில் வெள்ளம் வந்தால் ஒரே மேஜையில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும்.

2. பென் டிரைவை நம்பி நிரந்தரமாக எதையும் வைக்காதீர்கள். அது எடுத்துப் போகத்தான்.

3. சி.டி., டி.வி.டி.யில் பழைய படங்கள் இருந்தால் இப்போதே டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இன்று விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் சி.டி. டிரைவே கிடையாது. இரண்டாவது பூட்டு உங்கள் வீட்டிலும் விழ ஆரம்பித்துவிட்டது.

4. ஒவ்வொரு போல்டரிலும் நோட்பேடில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வையுங்கள். எந்த வருடம், எந்த ஊர், படத்தில் யார் யார் என்று நாலு வரி போதும். இன்று உங்களுக்கு எல்லா முகமும் தெரியும். 30 வருடம் கழித்து உங்கள் பேரனுக்குத் தெரியாது.

5. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேக்கப் டிஸ்க்கை மாட்டி, சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்ல முடியாது.

இதற்கு உங்களுக்கு ஆகும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வேலையை உட்கார்ந்து செய்து பார்த்தால், இதையே வாழ்நாள் முழுக்க, இன்னும் பிறக்காத ஒரு விஞ்ஞானிக்காகச் செய்துகொண்டிருப்பவர்களின் அருமை உங்களுக்குப் புரியும். அடுத்த ராக்கெட்டுக்குத் தாராளமாகக் கை தட்டுங்கள். கூடவே, "இதன் டேட்டாவைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். வரி கட்டுகிற நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.